தேங்காய் உடைத்த பிறகு, வண்டி நகர்வதற்கு முன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி மேலாளர் கேட்டார். இப்படி எழுதுவதெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் செய்யும் காரியம். எனக்கு அந்த வயதில்லை. இரண்டாவது மகள் பிறந்த பிறகு வேலையை விட்டவள் நான், அவ்வளவுதான். "நீங்க பாத்த டெலிவரி வேற யாரும் பாக்கலம்மா, எழுதுங்க" என்றார். அவர் அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, பாராட்டோ இல்லையோ, கேட்டதைச் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

விலை, தவணை, பேட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் அது சரியாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

கந்தர்வக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அவர் முருகேசன், வளைகுடாவில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். அவர் மனைவி மல்லிகா. அவர் அங்கே இருந்த காலத்தில் மல்லிகா ஊரில் சின்னதாக ஒரு முந்திரிப் பருப்புக் கொட்டகை வைத்து நடத்தியிருந்தார். கொட்டையை வேகவைத்து, உடைத்து, தோல் நீக்கி, பெட்டியில் போட்டுப் புதுக்கோட்டைக் கடைகளுக்கு அனுப்புவது. அதுவரை வாடகை வண்டியில் போய்க்கொண்டிருந்தது. இப்போது சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறார்கள்.

அந்த நேரத்தில் நம் ஷோரூமில் ஒரே ஒரு பெட்ரோல் பிக்கப் நின்றது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பதுபோல் முகப்பு, பெரிய எஞ்சின், இரண்டு வரிசை இருக்கை, பின்னால் திறந்த தொட்டி. முருகேசன் உள்ளே வந்ததும் நேராக அதனிடம் போனார். சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் அதன் பானெட்டைத் தட்டினார்.

"இதே மாதிரிதான் மேடம் அங்க ஓட்டுனேன். மிதிச்சா மணல்மேடு வழி விடும்."

"இங்க ஏதுங்க மணல்மேடு?" என்றார் மல்லிகா. "நம்ம தோப்பு இருக்கு, கடைவீதி இருக்கு. கடைவீதியில நீங்க எவ்ளோ மிதிச்சாலும் முன்னாடி ஆட்டோதான் நிக்கும்."

மல்லிகாவின் கண் வாசல் பக்கம் நின்ற மின்சார லோடு வண்டியில் இருந்தது. சின்ன வண்டி. முகம் தட்டையாக, பின்னால் பெட்டி வைத்தது. முருகேசன் அதைச் சுற்றி வந்தார்.

"ஐஸ் வண்டி மாதிரி இருக்கு. இதுக்கு ஹார்ஸ்பவர் எவ்ளோ மேடம்?"

பெட்ரோல் வண்டியில் கால் பங்குகூட வராது என்று உண்மையைச் சொன்னேன்.

"அப்ப இது குதிரையில்ல, கழுதை."

"பருப்புப் பெட்டிக்குக் கழுதை போதும்ங்க" என்றார் மல்லிகா.

நான் சிரிக்கவில்லை. வாடிக்கையாளர் வீட்டுச் சண்டையில் சிரித்தால் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்தவளாகிவிடுவோம். ஆனால் எந்தப் பக்கம் என்று உள்ளுக்குள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பெட்ரோல் வண்டி விற்றால் ஷோரூமுக்கு நல்லது, எனக்கும் நல்லது. அது வந்து நின்று நாளாகியிருந்தது. மூத்தவளைப் பெற்று, மகப்பேறு விடுப்பு முடிந்து வந்த எனக்கும் ஏதாவது ஒன்றை விற்றுக் காட்டவேண்டிய நேரம். அதனால் நான் எதையும் பரிந்துரைக்காமல் கேள்விகள் மட்டும் கேட்டேன். தினமும் எங்கிருந்து எங்கே? எவ்வளவு எடை? வண்டி எந்நேரம் சும்மா நிற்கும்? கொட்டகையில் மின் இணைப்பு எப்படி?

பதிலெல்லாம் மல்லிகாவிடமிருந்து வந்தது. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பிவிடும். பருப்புப் பெட்டிக்கு எடை அதிகமில்லை. பச்சைக் கொட்டை வருவது லாரியில், அது இவர்கள் பொறுப்பில்லை. கொட்டகையில் இயந்திரத்துக்காக மூன்று ஃபேஸ் இணைப்பு இருக்கிறது. பதில்கள் தாமாகவே மின்சார வண்டியின் பக்கம் போய் நின்றன. முருகேசனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவர், "ஓடுது. ஆனா ஓடுதான்னே தெரியல" என்றார். கடைசியில், "சம்பாதிச்சது நான், தொழில் அவ. அவ சொல்றதையே எடுப்போம். ஆத்தாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நாள் குறிச்சுக்கிறேன்" என்று போனார். ஆத்தா என்றது தன் தாயாரை.

அவருக்கு முழுச் சம்மதமில்லை என்பது எனக்குத் தெரிந்தது. போகும்போதும் ஒருமுறை பெட்ரோல் வண்டியைத் தொட்டுவிட்டுத்தான் போனார். சிறிய காரணம் ஒன்று கிடைத்தால் திரும்பிவிடுவார், மல்லிகா ஆசைப்பட்ட வண்டி போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் காரணத்தை நானே கொடுக்கப்போகிறேன் என்று நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, அவர்கள் ஊர் பிள்ளையார் கோயில் வாசலில் பூஜை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் வண்டி நகர்ந்திருக்க வேண்டும். நம் ஓட்டுநரும் நானும் போய்ச் சேர்ந்தபோது உறவுக் கூட்டம் கூடியிருந்தது. மாலை போட்டார்கள். சந்தனம் வைத்தார்கள். நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம். முருகேசன் ஓட்டும் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் அவர் தம்பி. பூசாரி கற்பூரம் காட்டி முடித்து, வண்டிக்கு முன்னால் தரையில் தேங்காயை ஓங்கி உடைத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நீங்கள் எத்தனையோ டெலிவரி பார்க்கப் போகிறீர்கள். சிதறு தேங்காய் உடைந்ததும் பிள்ளைகள் பாய்ந்து பொறுக்குவார்கள். இது நம் ஊரில் புதிதில்லை. வழக்கமான வண்டியில் அதற்குப் பிறகுதான் எஞ்சினைப் போடுவார்கள். அந்த உறுமல் கேட்டதும் பிள்ளைகள் கையில் கிடைத்ததோடு சிதறி ஓடிவிடுவார்கள். விலகு என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எஞ்சின் சொல்லும், பிள்ளைகள் கேட்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அன்று பிள்ளைகள் பொறுக்கினார்கள். உறுமல் வரவில்லை. அதனால் யாரும் விலகவில்லை. பெரிய பிள்ளைகள் துண்டுகளோடு போன பிறகும் ஒரு சிறுமி மட்டும் வண்டியின் முகத்துக்கு நேர் கீழே குத்துக்காலிட்டு, சக்கரத்தின் பக்கம் உருண்ட ஒரு துண்டை எட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். மேலே மாலை தொங்கியது. ஓட்டுபவருக்கு அவள் தலை தெரிய வழியில்லை.

நான் இடது பக்கக் கதவுக்கு அருகில் நின்றேன். உள்ளே மீட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. சாவி எப்போதோ திருப்பப்பட்டிருக்கிறது. மிதித்தால் வண்டி போகும்.

பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். "மாப்ள, நேரமாச்சு, ஸ்டார்ட் பண்ணு!"

முருகேசன் தலையாட்டினார்.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

அப்படி ஒரு குரல் என்னிடம் இருப்பது எனக்கே தெரியாது. நாதஸ்வரம் வாசித்தவர்கூடக் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். சிறுமி தேங்காய்த் துண்டோடு எழுந்து கூட்டத்துக்குள் ஓடினாள். அவளை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

முதலில் பேசியது முருகேசனின் தாயார். "புது வண்டி. அடியெடுத்து வைக்கல. மொத வார்த்தையே தடையா?"

"வண்டி ஸ்டார்ட்டே ஆகலையேம்மா, அதுக்குள்ள என்ன கத்தல்?" என்றார் ஒரு பெரியப்பா. "இந்தம்மா ஹாரன் டெஸ்ட் பண்ணுச்சு போல" என்று எவரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள்.

பிள்ளை கீழே இருந்தது, விளக்கு எரிந்தது என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் முருகேசனின் தம்பி பதறிப்போய்ச் சாவியைத் திருப்பி எடுத்துவிட்டார். விளக்கு அணைந்துவிட்டது. பிள்ளையும் இல்லை. எட்டிப் பார்த்தவர்களுக்கு, நிற்கிற ஒரு வண்டியும் அதைப் பார்த்துக் கத்திய ஒரு பெண்ணும்தான் தெரிந்திருக்கும். நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது.

முருகேசன் இறங்கினார். கோபப்படவில்லை. அவர் முகத்தில் நிம்மதி இருந்ததோ என்று எனக்கு அப்போது ஒரு சந்தேகம்.

"ஆத்தாவுக்கு மனசு சங்கடமாயிருச்சு மேடம். இந்த வண்டி வேணாம். நான் மொதல்ல பாத்ததையே எடுத்துக்கிறேன். ஆபீஸ்ல பேசிக்கலாம்."

மல்லிகா தட்டில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தார். உறவுக்காரர்கள் முன்னால் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

மாலை போட்ட வண்டியிலேயே திரும்பினோம். வழியில் டீக்கடையில் நின்றவர்கள் புது வண்டி என்று பார்த்துக் கும்பிட்டார்கள். நம் ஓட்டுநர் பதிலுக்குக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். "என்ன பண்ணச் சொல்றீங்க, எல்லாருட்டயும் கதை சொல்லவா?" என்றார்.

மேலாளர் என்னைத் திட்டவில்லை. "நல்லதுக்குத்தான் பண்ணியிருக்கீங்க. இருந்தாலும் கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம். இனிமே டெலிவரிக்கு வேற ஆள் போகட்டும்" என்றார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பக்கத்து மேஜைக்காரி மட்டும், "அக்கா, வீட்டுல பாப்பாவைக் கூட இப்படித்தான் அதட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

மகளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அதே யோசனை. 'நிறுத்துங்க' என்பதற்குப் பதில் வேறு என்ன சொல்லியிருக்கலாம்? பிள்ளையை, பாப்பா இங்க வா என்று கூப்பிட்டிருக்கலாம். அவள் என்னை யாரென்று நினைத்து வருவாள்? கதவைத் திறந்து சாவியைத் தொட்டிருக்கலாம். நடுவில் தம்பி உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் மிதிப்பதற்குள் பிள்ளை எழுந்தும் போயிருக்கலாம். இப்படி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில் ஒன்று மட்டும் புரிந்தது. வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் கிடைக்கிற வழிகள் எதுவும் அந்த இடத்தில் கைக்கு எட்டுவதில்லை. அதற்காக நான் செய்தது சரி என்றும் ஆகிவிடாது.

மறுவாரம் மல்லிகா தனியாக வந்தார். கந்தர்வக்கோட்டையில் பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு கேக்குறேன், நெசத்தைச் சொல்லுங்க. அவரு மிதிச்சிருப்பாரா?"

இந்தக் கேள்விக்கு இரண்டு சுலபமான பதில்கள் இருந்தன. ஆமாம் என்றால் என் பெயர் நிற்கும், ஒருவேளை அவருக்கு வண்டியும் கிடைக்கும். ஆனால் அந்த வீட்டில் ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் அதைச் சுமக்க வேண்டும். இல்லை, என் கண் பிசகிவிட்டது என்றால் எல்லாருக்கும் சமாதானம். ஆனால் அந்தப் பச்சை விளக்கை நான் பார்த்திருந்தேன்.

"தெரியலங்க" என்றேன். "விளக்கு எரிஞ்சதைப் பாத்தேன். பிள்ளை கீழ இருந்ததைப் பாத்தேன். அவர் கால் எங்க இருந்துச்சுன்னு நான் பாக்கல. பாக்காததைச் சொல்ல மாட்டேன்."

மல்லிகா டம்ளரை மேஜையில் வைத்தார்.

"அது என் மக" என்றார்.

அது யார் பிள்ளை என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"நானும் பாத்தேன்ங்க. தட்டை வச்சுக்கிட்டு நின்னேன்ல, எனக்கு நேராத்தான் குனிஞ்சிருந்தா. வாய் வரைக்கும் வந்துருச்சு. பக்கத்துல அத்தை. புது வண்டிக்கு முன்னாடி அந்த வார்த்தைய நான் சொன்னா, நாளைக்குத் தொழில்ல ஒரு எறக்கம்னாலும் அந்த வார்த்தைதான்னு ஆகும். முழுங்கிட்டேன். பெத்தவ முழுங்கிட்டேன், நீங்க கத்துனீங்க."

அவர் அழவில்லை. கணக்கைச் சரிபார்ப்பவர்போல் சொன்னார். என் வீட்டிலும் ஒரு மகள். அந்த இடத்தில் நான் மருமகளாக நின்றிருந்தால் என் வாய் திறந்திருக்குமா? திறந்திருக்கும் என்று சொல்ல ஆசை. நான் அங்கே சம்பளத்துக்கு நின்ற வெளியாள். வெளியாளுக்குக் கத்துவது கொஞ்சம் சுலபம். உங்களுக்கு நான் சொல்ல நினைத்ததில் முக்கியமானது இதுதான் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. வீட்டு மனிதர்கள் சொல்ல முடியாத வார்த்தையைச் சொல்வதற்கும் சேர்த்துத்தான் நாம் அங்கே நிற்கிறோம்.

"வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. மொதல்ல உங்ககிட்ட கேட்டுக்கலாம்னு வந்தேன். நீங்க அடிச்சுப் பேசியிருந்தா எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். இன்னைக்குச் சொல்லிருவேன்."

இரண்டு நாள் கழித்து முருகேசன் வந்தார். வந்ததும் பெட்ரோல் வண்டியின் சாவியைக் கேட்டு வாங்கி ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டார். ஷோரூம் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. உள் அறையிலிருந்த மேலாளர் எட்டிப் பார்த்தார். முருகேசன் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைத்தார். பிறகு வெளியே போய், மாலை காய்ந்துபோய் நின்ற மின்சார வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். பச்சை விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்கில் கை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் கதவருகில் போய் நின்றேன்.

"அங்க காது கேட்டுத்தான் மேடம் கால் மிதிக்கும்" என்றார். "எஞ்சின் புடிச்சிருச்சா, சூடேறிருச்சா, கெளம்பலாமா, எல்லாம் காதுதான். இதுல காதுக்கு வேலையே இல்ல. அன்னைக்கு வண்டி உசுரோட நிக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஸ்டார்ட் பண்ணுன்னாங்க. கால் என்ன பண்ணுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் வரல. யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன்."

மறக்கட்டும் என்று சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை.

"அப்ப பெட்ரோல் வண்டியே உங்களுக்குப் பழக்கம்" என்றேன். விற்பனைக்காக இல்லை. உண்மையாகவே அவருக்கு எது பாதுகாப்பு என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

அவர் தலையை ஆட்டினார். "பழக்கம்தான். ஆனா கொட்டகைக்கு இதான் தோது, அவ சொல்றது சரி. எனக்காக அதை எடுத்தா, மாசாமாசம் பெட்ரோலுக்கு அவ பருப்பு உடைக்கணும். காது போனா என்ன, கண்ணு இருக்குல்ல. எறங்கிச் சுத்திப் பாத்துட்டு ஏறிக்கிறேன்."

"உங்க ஆத்தா?"

"பேத்தின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன் மேடம். ரெண்டு நாளா அதுக்கப்புறம் அவங்க வேற வார்த்தையே பேசல."

மறுபடி நாள் குறித்தார்கள். நான் போக வேண்டாம், வேறு ஆளை அனுப்பலாம் என்றார் மேலாளர். அந்தம்மாதான் வரணும் என்று மல்லிகா தொலைபேசியில் சொல்லிவிட்டார். போனேன். வழியெல்லாம் எனக்குள் ஒரு பட்டியல் ஓடியது. சாவியை நான் வைத்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகளைப் பின்பக்கம் அனுப்பவேண்டும், பூசாரியிடம் முன்கூட்டியே பேச வேண்டும். எதையும் தடையாகத் தோன்றாதபடி எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைக் கூடத் தயார் செய்திருந்தேன்.

அதே கோயில், அதே கூட்டம், கொஞ்சம் அதிகம். விஷயம் ஊருக்குத் தெரிந்திருந்தது. மாலை, சந்தனம், எலுமிச்சை, கற்பூரம். நல்ல நேரம் முடியச் சற்று நேரம்தான் இருந்தது. பூசாரி தேங்காயை ஓங்கினார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் முருகேசனின் தாயார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதை வண்டியின் முகத்துக்கு நேராகப் போட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பேத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ம், இப்ப ஒடைங்க."

பூசாரி நாற்காலிக்கு முன்னால் உடைத்தார். பிள்ளைகள் பாய்ந்தார்கள். அந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இந்தா, அங்கிட்டு ஒரு துண்டு கெடக்குது பாரு. ஏய், நீ ரெண்டு எடுத்தா அவளுக்கு?" என்று ஒவ்வொரு துண்டாக எடுக்க வைத்தார். மடியில் இருந்தவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

"ஆத்தா, நேரம் போகுது" என்றார் பூசாரி.

"போகட்டும்."

"ராகு காலம் பொறந்துரும்."

"பொறக்கட்டும்ப்பா. புள்ளைக பொறுக்கட்டும்."

வண்டிக்குள் முருகேசன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்குக்கு மேலே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். மல்லிகா சாவியைத் தாம்பாளத் தட்டில் வைத்து, ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கடைசித் துண்டும் பொறுக்கி முடிந்தது. அந்த அம்மா எழுந்தார், நாற்காலியை ஒரு கையிலும் பேத்தியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போனார். தரையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மருமகளைப் பார்த்துத் தலையசைத்தார். மல்லிகா தட்டை நீட்டினார்.

ராகு காலம் பிறந்து சற்று நேரம் கழித்துத்தான் வண்டி நகர்ந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் தயார் செய்துகொண்டு போயிருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட அன்று தேவைப்படவில்லை.